கண்ணாடியைக் கழற்றலாமா?



கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில், புக்கிட் ரோத்தான் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு தாய் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகனுக்கு வயது 20. பள்ளிக்கூட நாளிலிருந்தே மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறான். இப்போது செம்பனைத் தோட்டத்தில் தகப்பனாரோடு குலை வெட்டும் வேலைக்குப் போகிறான். அண்ணாந்து பார்த்து வெட்ட வேண்டிய வேலை. வியர்வையில் கண்ணாடி வழுக்குகிறது; மழை பெய்தால் மறைக்கிறது; இரண்டு முறை விழுந்து உடைந்தும் போயிற்று. லேசர் சிகிச்சை செய்துகொண்டால் கண்ணாடியே வேண்டாம் என்று யாரோ சொல்ல, இரண்டு ஆண்டு சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு போனான். மருத்துவர் பல கருவிகளில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு இந்தச் சிகிச்சை கூடாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

"ஐயா, நம்ம தோட்டத்து ஆளுங்கன்னு நெனச்சி அனுப்பிட்டாரோ? இல்ல, வேற இடத்துல போய்க் கேட்டா செய்வாங்களா?" என்று அந்தத் தாய் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிட முடியாது. கண் எப்படிப் பார்க்கிறது, லேசர் அங்கே என்ன செய்கிறது, எந்தக் கண் அதைத் தாங்கும், எந்தக் கண் தாங்காது என்பதை அறிந்தால்தான் விடை விளங்கும். அதையே இன்று பார்ப்போம்.

கண்ணின் முன்பக்கத்தில் கடிகாரத்தின் கண்ணாடிபோல் தெளிவாக, சற்றே குவிந்த ஒரு மூடி இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைக் கார்னியா என்பர். நாம் கருவிழிப் படலம் என்று வைத்துக்கொள்வோம். அகலம் 11 அல்லது 12 மில்லிமீட்டர். நடுவில் அதன் கனம் அரை மில்லிமீட்டரை விடச் சற்றுத்தான் கூடுதல். அதில் இரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

ஒளியை வளைத்துக் கண்ணுக்குள் குவிக்கும் வேலையைக் கண்ணின் உள்ளே இருக்கும் வில்லைதான் செய்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மைகூட அன்று. கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர் என்றால், அதில் ஏறக்குறைய 43 டயாப்டர் இந்த மெல்லிய மூடியைச் சேர்ந்தது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சிறுவயதில் ஆற்றிலோ அணையிலோ முங்கிக் கண்ணைத் திறந்து பார்த்திருப்பீர்கள். எல்லாமே மங்கலாகத் தெரிந்திருக்கும். ஏன்? ஒளி காற்றிலிருந்து கருவிழிப் படலத்துக்குள் நுழையும்போதுதான் நன்றாக வளைகிறது. தண்ணீருக்கும் அந்தப் படலத்துக்கும் ஒளியை வளைக்கும் தன்மையில் அதிக வேறுபாடு இல்லை. ஆகவே தண்ணீருக்குள் அது ஏறக்குறைய வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. வில்லை மட்டும் மிச்சம். அதன் பலம் போதவில்லை.

அடுத்து, கிட்டப்பார்வை என்றால் என்ன? கண்ணின் உருண்டை முன்னும் பின்னுமாகச் சற்று நீண்டுவிடுகிறது. கண்ணுக்குள் வரும் உருவம், பின்னால் இருக்கும் விழித்திரையில் விழாமல், அதற்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை பிழை வந்துவிடும். நம் நாட்டுக் கண்ணாடிக் கடையில் "பவர் 300" என்று சொல்கிறார்களே, அது இந்த 3 டயாப்டர்தான். அப்படிப்பட்டவர் கம்போங் குவாந்தானுக்குப் போய், ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால், தனித்தனிப் புள்ளிகளைக் காணமாட்டார். மரத்தில் ஏதோ வெளிச்சம் கலங்கி இருப்பதாகவே அவருக்குத் தெரியும்.

கண்ணாடி இந்தப் பிழையை வெளியிலிருந்து சரிசெய்கிறது. கருவிழிப் படலத்தின் வளைவையே கொஞ்சம் தட்டையாக்கிவிட்டால்? ஒளி குறைவாக வளையும்; உருவம் பின்னால் தள்ளிப்போய் விழித்திரையில் விழும். சிகிச்சையின் அடிப்படை இதுதான்.

இந்த எண்ணம் நேற்று வந்ததன்று. ஜப்பானில் சாத்தோ என்ற மருத்துவர் 1930-களின் இறுதியில், கருவிழிப் படலத்தில் கத்தியால் கீறல் போட்டு அதைத் தட்டையாக்கப் பார்த்தார். உட்புறத்திலும் கீறினார். அங்கே, படலத்திலிருந்து தண்ணீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றும் உயிரணுக்கள் ஒரே வரிசையாக இருக்கின்றன. அவை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. பார்வை முதலில் தெளிந்தது. பல ஆண்டுகள் கழித்து, அந்த நோயாளிகளில் பலருக்குப் படலம் நீர் கோத்து, வீங்கி, வெள்ளை படர்ந்துவிட்டது.

பிறகு 1970-களில், மாஸ்கோ நகரில் ஃபியோதரோவ் என்ற மருத்துவர், வெளிப்புறத்தில் மட்டும் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளைப்போல் சுற்றிலும் கீறல் போட்டார். கீறிய ஓரங்கள் பலம் இழந்து விரிந்தன, நடுப்பகுதி தட்டையாயிற்று. உலகெங்கும் பலர் செய்துகொண்டார்கள். அமெரிக்காவில் அவர்களில் ஒரு கூட்டத்தாரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், நூற்றுக்கு 43 கண்கள் ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ தூரப்பார்வைப் பக்கம் நகர்ந்திருந்தன. கீறிய இடம் முழுப் பலத்தோடு சேரவே இல்லை. கண் மெல்ல மெல்ல அசைந்துகொண்டே இருந்தது. கண்ணின் வளைவைக் கணக்குப் பார்த்தவர்கள், அதன் பலத்தைக் கணக்குப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் நம்மவர் ஒருவர் வருகிறார். ரங்கசாமி சீனிவாசன் 1929-இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். அமெரிக்காவுக்குப் போய் முனைவர் பட்டம் பெற்று, நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். அவரும் வின், புளூம் என்ற இரு தோழர்களும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைத் தரும் எக்சைமர் லேசர் என்ற கருவியை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1981 நவம்பரில் அந்நாட்டு நன்றி நவிலும் திருநாள். மறுநாள் சீனிவாசன், வீட்டு விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆராய்ச்சிக் கூடத்துக்கு எடுத்து வந்து, அதன்மேல் அந்த ஒளியைப் பாய்ச்சினார். வேறு வகை லேசர் பட்ட இடம் கருகிப்போனது. இந்த லேசர் பட்ட இடமோ, சுற்றுப்புறம் கருகாமல், கூரான விளிம்போடு சுத்தமாகச் செதுக்கப்பட்டிருந்தது. இந்த ஒளி சதையின் அணுப் பிணைப்புகளையே நேரே அறுத்துவிடுகிறது. சூடு பரவ நேரம் இல்லை.

1983-இல் டிரோக்கல் என்ற கண் மருத்துவர் அவரோடு சேர்ந்து, மாட்டுக் கண்களில் இதைச் செய்து காட்டினார். 1988-இல் அமெரிக்காவில் பார்வை உள்ள ஒரு மனிதக் கண்ணில் இந்தச் சிகிச்சை நடந்தது. 2013 பெப்ரவரியில் சீனிவாசனுக்கும் அவருடைய தோழர்களுக்கும் வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அணிவித்தார். விருந்தில் மிஞ்சிய கறித்துண்டு எங்கே கொண்டுபோய் விட்டது, பார்த்தீர்களா?

சரி, இந்த லேசர் எவ்வளவு செதுக்குகிறது? பால்வெட்டு அறிந்தவர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். நம் வட்டாரத்தில் பால் மரங்கள் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்துவிட்டது என்றாலும், பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பட்டையை மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டுவிடும். நல்ல பால்வெட்டுக்காரர் கத்தியைப் பட்டையோடு நிறுத்துவார். லேசர் வெட்டும் அப்படித்தான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வெட்டிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளரும். கருவிழிப் படலத்தின் மேல்தோல் மட்டுமே மீண்டும் வளரும். அதற்குக் கீழே இருக்கும் நாராலான பகுதி, எடுத்தது எடுத்ததுதான்.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். சராசரிக் கருவிழிப் படலம் சுமார் 540 மைக்ரான் கனம். நடுவில் 6 மில்லிமீட்டர் வட்டத்தைச் செதுக்குவதானால், ஒரு டயாப்டருக்கு 12 மைக்ரான் எடுக்க வேண்டும். இது அடிப்படைக் கணக்கு. நடைமுறையில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே போகும். பவர் 300 என்றால் 36 மைக்ரான். பவர் 1000 என்றால் 120 மைக்ரான்.

லாசிக் என்று சொல்லும் முறையில், முதலில் மேலே சுமார் 110 மைக்ரான் கனத்துக்கு ஒரு மெல்லிய மூடியை அறுத்து, புத்தகத்தின் ஏட்டைப்போல் திருப்பி வைத்து, அடியில் லேசரால் செதுக்கி, மூடியை மறுபடி படியவைக்கிறார்கள். கிரேக்க நாட்டு மருத்துவர் பாலிகாரிஸ் 1990-இல் இதைத் தொடங்கினார். வலி குறைவு, மறுநாளே பார்வை தெளியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 540-இல் மூடிக்கு 110, பவர் 300-க்கு 36 போனால், அடியில் 394 மைக்ரான் மிஞ்சுகிறது. நல்லது. மற்றொருவருக்குக் கனம் 480, பவர் 1000 என்றால், 110-ம் 120-ம் போக 250 மைக்ரான்தான் மிஞ்சும். அடியில் 250-க்குக் குறையக்கூடாது என்பது பழைய விதி. 300 இருக்கட்டும் என்று பல மருத்துவர்கள் எண்ணுகிறார்கள். இந்த இரண்டாமவருக்கு லாசிக் செய்ய நல்ல மருத்துவர் தயங்குவார்.

ஏன் இந்தப் பயம்? கண்ணுக்குள்ளே எப்போதும் நீரின் அழுத்தம் இருக்கிறது. சைக்கிள் டயரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே காற்றடித்த டியூப் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. டயர் அதைப் பிடித்து நிறுத்துகிறது. டயர் ஓரிடத்தில் தேய்ந்துவிட்டால், அங்கே புடைத்துக்கொண்டு வரும். கருவிழிப் படலமும் மெலிந்தால் அப்படிப் புடைக்கலாம். புடைத்தால் வளைவு கெடும். வளைவு கெட்டால் பார்வை கெடும். கண்ணாடி போட்டாலும் சரிவராது. லாசிக் செய்த சிலருக்கு இப்படிப் புடைத்ததை 1998-இல் செய்லர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிக் காட்டினார்.

கனம் மட்டும் பார்த்தால் போதாது. படலத்தின் முன்பகுதியில் நார்கள் பாய் முடைந்ததுபோல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பின்பகுதியில் தாள்களை அடுக்கியதுபோல் இருக்கின்றன. ஆகவே பலம் முன்பக்கத்தில்தான் அதிகம். மூடி அறுக்கும்போது அந்தப் பின்னலைச் சுற்றிலும் அறுத்துவிடுகிறோம். அந்த மூடி பழைய பலத்தோடு ஒட்டுவதில்லை. பல ஆண்டு கழித்துக்கூட, கண்ணில் பலமாக ஏதேனும் அடித்தால் அது விலகிய நிகழ்ச்சிகள் உண்டு.

குலை வெட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து மட்டை சரிகிறது, முள் தெறிக்கிறது. இப்படிப்பட்ட வேலையில் இருப்பவர்கள், மூடி அறுக்காத முறை தமக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். பி.ஆர்.கே. என்ற முறையில் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு லேசரைப் பாய்ச்சுகிறார்கள். சில நாள் வலிக்கும். பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும். ஆனால் பின்னால் விலகுவதற்கு மூடி கிடையாது. எந்த முறையில் செய்துகொண்டாலும், வேலையில் பாதுகாப்புக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும்.

இப்போது அந்தத் தாயின் மகனிடம் வருவோம். அவரிடம் மேலும் சில கேள்விகள் கேட்டேன். "கண்ணாடி பவர் அடிக்கடி மாறுகிறதா?" "ஆமாங்க ஐயா, ஒவ்வொரு வருசமும் மாத்துறான்." "கண்ணைத் தேய்ப்பானா?" "சின்னப் புள்ளையில இருந்தே தேச்சிக்கிட்டேதான் இருப்பான். அரிக்குதுன்னு சொல்லுவான்." பிறகு, மருத்துவமனையில் கொடுத்த ஒரு தாளைக் காட்டினார். அதில் மலைச் சரிவின் வரைபடம்போல் வண்ண வட்டங்கள். கருவிழிப் படலத்தின் மேடு பள்ளத்தைக் கருவி வரைந்த படம் அது. ஒரு கண்ணில் நடுவுக்குக் கீழே சிவப்பாக ஒரு மேடு. பக்கத்தில் மருத்துவர் எழுதிய பெயர் கெரட்டோகோனஸ்.

இது கருவிழிப் படலம் தானாகவே மெலிந்து, கூம்புபோல் முன்னே தள்ளும் நோய். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். கண் ஒவ்வாமையும், கண்ணை அழுத்தித் தேய்க்கும் பழக்கமும் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. ஏற்கெனவே தேய்ந்த டயரை மேலும் சீவலாமா? இந்தக் கண்ணில் லேசரால் செதுக்கினால், புடைப்பு விரைந்து வளரும். அந்த மருத்துவர் பணம் வாங்கிக்கொண்டு செய்திருக்கலாம். செய்யாமல் அனுப்பியதுதான் அந்தப் பையனுக்கு அவர் செய்த வைத்தியம்.

"அப்ப என் மவன் கண்ணு போயிருமா ஐயா?" என்று அந்தத் தாய் கலங்கினார். போகாது. இந்த நோயை நிறுத்தி வைக்க ஒரு வழி உண்டு. அதையும் நமக்குத் தெரிந்த பொருளைக் கொண்டே சொல்லலாம். பாலை உறையவைத்து எடுத்த ரப்பர் ஷீட், வெயிலில் இளகும். இழுத்தால் இழுத்த பக்கம் போகும். அதே ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் டயராகிறது. கந்தகம், ரப்பர் இழைகளுக்கு இடையே குறுக்குப் பாலம் போட்டுவிடுகிறது. அதனால் உறுதி வருகிறது. கருவிழிப் படலத்துக்கும் இப்படியே குறுக்குப் பாலம் போடலாம். மேல்தோலை நீக்கி, வைட்டமின் பி2 கலந்த சொட்டு மருந்தை ஊறவிட்டு, அளவான புற ஊதா ஒளியைக் காட்டுகிறார்கள். முதலில் வகுத்த முறையில் ஊறுவதற்கு அரை மணி, ஒளிக்கு அரை மணி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான இந்தச் சிகிச்சையின் பலனை 2003-இல் வெளியிட்டார்கள். வீட்டில் பி2 மாத்திரை விழுங்கி வெயிலில் நின்றால் இது நடக்காது. மருத்துவர் கையில்தான் நடக்கும்.

இது போன பார்வையைத் திருப்பித் தருவதற்கு அன்று. இருக்கும் பார்வை மேலும் கெடாமல் நிறுத்துவதற்கு. ஆகவே எவ்வளவு விரைவில் போகிறோமோ அவ்வளவு நல்லது. பிறகும் கண்ணாடியோ, கடினமான ஒட்டு வில்லையோ தேவைப்படும். கண்ணைத் தேய்க்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். அரித்தால், அரிப்புக்குச் சொட்டு மருந்து கேட்டு வாங்க வேண்டும்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் லேசர் சிகிச்சை பற்றிப் பேசினால், நினைவில் வைக்க வேண்டிய சில செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன்.

வயது 18 ஆவது நிறைந்திருக்க வேண்டும். பவர் ஓராண்டுக்கு மேல் மாறாமல் இருக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் காத்திருக்க வேண்டும். படலத்தின் கனத்தை அளந்தார்களா, மேடு பள்ளப் படம் எடுத்தார்களா, அடியில் எத்தனை மைக்ரான் மிஞ்சும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். விடை சொல்லாத இடத்தில் கண்ணைக் கொடுக்காதீர்கள். சிகிச்சைக்குப் பின் சிறிது காலம் கண் உலரும். இருட்டில் கண்மணி விரிந்து, செதுக்கிய வட்டத்துக்கு வெளியிலும் ஒளி நுழைவதால், எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றிச் சிலருக்கு வளையம் தெரியும். இரவில் லாரி ஓட்டுகிறவர்கள் இதை முன்பே யோசிக்க வேண்டும். 40 வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்தை இது தடுக்காது. கண்ணின் நீளமும் குறைந்துவிடாது. ஆகையால் பவர் அதிகம் இருந்தவர்கள் விழித்திரையைத் தொடர்ந்து சோதித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. சிகிச்சைக்கு முந்திய பவர் அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். மெலிந்த டயரை விரலால் அழுத்தினால் எளிதில் அமுங்கும் அல்லவா? அதுபோல், செதுக்கிய கண்ணில் அழுத்தத்தை அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கண் அழுத்த நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம். கண்புரைக்கு வில்லை வைக்கும்போதும் கணக்குத் தவறலாம். எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும், "லேசர் செய்த கண்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கண்ணில் கோளாறு என்றால் அருகில் உள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். அங்கிருந்து கிள்ளான், செலாயாங், சுங்கை பூலோ போன்ற பெரிய மருத்துவமனைகளின் கண் பிரிவுக்குக் கடிதம் வாங்கலாம். தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் பக்கத்திலிருந்து அது தொலைவுதான். ஒரு நாள் கூலியும் போகும். ஆனாலும் பிள்ளையின் பவர் ஆண்டுக்கு ஆண்டு மாறினால், அந்த ஒரு நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்தப் பையனுக்கு மறுபடி வரச்சொல்லி ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். கோபத்தில் போகாமல் விட்டிருந்தான். வேறு தேதி வாங்கிக்கொண்டு தாயும் மகனும் போகப்போவதாகச் சொன்னார்கள். சேர்த்த பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, பின்பக்கம் வார் வைத்துக் கட்டும் நல்ல கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளும்படி அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.